கதவின் கண்

ஞாயிறு காலை, ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது.
அதன் கீழே குனிந்து ஓடினாள் உண்ணாமலை.
பின்னாலேயே சின்னவன்.
அவன் குனியக்கூட இல்லை,
அவ்வளவுதான் உயரம்.

"நான் ஏழு, இவன் மூணு" என்றாள் மூச்சிரைக்க.
ஏழு தடவை ஓடியிருக்கிறாள்.
ரிமோட் அவள் பாவாடை இடுப்பில் செருகியிருந்தது.
கத்த வாய் திறந்தேன்,
காற்றுதான் வந்தது.

பள்ளத்தூரில் எங்கள் வீடு
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது.
முன்வாசல் தேக்குக் கதவை
சாத்த இரண்டு ஆள் வேண்டும்.
சாத்தினால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.
பின்வாசலில் கார் நிற்கிற இடத்தில்
இந்தத் தகரம்.
ஏழு வயது விரலுக்கும் இறங்கும்,
எண்பது கிலோ.

அமாவாசைக்குச் சுற்றிப்போட வாங்கிய பூசணிக்காய்
அடுக்களை மூலையில் கிடந்தது.
தூக்கி வந்து வாசற்கோட்டில் வைத்தேன்,
சின்னவன் நிற்கிற இடத்தில்.
இரண்டு பேரையும் படியில் உட்காரவைத்துப்
பொத்தானை அழுத்தினேன்.

வந்தது.
தொட்டது.
நிற்கும் என்றுதான் நினைத்தேன்.
ஒரு கணம் யோசித்த மாதிரிகூட இருந்தது.
பிறகு ஒரு சத்தம்.
ஆத்தங்குடிக் கல்லின் பூக்கள் மேல்
வெள்ளைச் சதை, விதை, நீர்.
குங்குமம் மட்டும் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை.
சின்னவன்தான் கேட்டான்,
"அது ஏம்மா குனியல?"

தேவகோட்டையிலிருந்து ஜெய்லானி வந்தார்.
"என்னாச்சு ஆச்சி" என்றார்.
முப்பத்தாறு வயதிலும் இந்த ஊரில் நான் ஆச்சிதான்.
கணுக்கால் உயரத்தில், சுவரோரம்
தரையோடு தரையாகக் கவிழ்ந்து பார்த்தார்.
சட்டை நுனியால் எதையோ துடைத்தார்.
சிலந்திக்கூடு, சுண்ணாம்புப் பொடி,
பல்லி முட்டை ஓடு ஒன்று.
"இதான் கதவுக்குக் கண்ணு.
கண்ணு மறைஞ்சா கதவு இறங்காது, நின்னுக்கும்.
இறங்கலையேன்னு யாரோ
வயரை முறுக்கி விட்ருக்காங்க."

யாரோ.
ஐப்பசியில் காரைக்குடிக் கல்யாணத்துக்குப் போகிற அவசரம்.
கதவு பாதியில் நின்று நின்று மேலே ஏறியது.
முரண்டு பிடிக்குது என்று திட்டினேன்.
முக்குக்கடை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு
"எப்படியாச்சும் மூடிக் குடுத்துட்டுப் போ" என்றேன்.
மூடிக் கொடுத்தான். இருநூறு ரூபாய்.
முகூர்த்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம்.

அதே கதவின் நெற்றியில்
எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருக்கிறேன்,
படிகாரக் கல், கறுப்புக் கயிறு,
நாக்கைத் துருத்திய ஒரு பூத முகம்.
ஊரார் கண்ணுக்கு இவ்வளவு.
காலடியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை
நான்தான் அவித்தேன்.

தேர் ஓடும்போது பார்த்திருக்கிறேன்,
வடம் பிடிக்க ஆயிரம் கை.
சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் மட்டும்
சாமியை நிமிர்ந்து பார்ப்பதில்லை.
அவன் கண் தரையில்.

ஜெய்லானி வயரைப் பிரித்துச் சேர்த்தார்.
"பக்கத்துச் சுருளை மட்டும் நீங்களா கழட்டாதீங்க,
கையோட போயிரும்.
கரண்டு போனா இந்தச் சங்கிலி."
சுவர்ப் பொத்தானை என் தோள் உயரத்துக்கு ஏற்றினார்.
ரிமோட் இப்போது அரிசி டிரம்முக்கு மேலே, ஆணியில்.

சந்தையில் இன்னொரு பூசணி, அறுபது ரூபாய்.
அதே கோட்டில் வைத்தோம்.
கதவு வந்தது.
தொடவில்லை.
ஒரு முழம் மேலேயே நின்று
பின்வாங்கி, மடமடவென்று ஏறிப் போனது.
இருவரும் கைதட்டினார்கள்.
எனக்கு முட்டி ஆடியது,
காரின் பானட்டில் சாய்ந்துகொண்டேன்.

மாதம் பிறந்தால் இப்படி ஒரு காய்.
தப்பித்த காய்க்கு
மறுநாள் மோர்க்குழம்பு.

ஈப்போவிலிருந்து அவர் கூப்பிட்டார்.
"ஷட்டர் சரியாயிருச்சா?"
"ஆச்சு."
வயரை யார் முறுக்கச் சொன்னது என்று
அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

சின்னவன் தரையில் குப்புறப் படுத்து
அந்தச் சிவப்புப் புள்ளிக்கு நேரே
முகத்தை வைத்திருக்கிறான்.
"என்னைத் தெரியுதா?" என்கிறான்.
பதிலுக்காக
இமைக்காமல் காத்திருக்கிறான்.